ஒட்டிய கவர்

“டீச்சர், அந்தக் கவர்ல எம்பேரு இருக்குதா?” என்று தணிகாசலம் கேட்டான்.

“இல்லீங்க,” என்றார் சியாமளா டீச்சர்.

அத்தோடு அவன் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.

“மெய்யாலுமா?”

ஒரு தடவை சொன்னதை இரண்டாம் தடவை சொல்லும் வழக்கம் டீச்சருக்கு இல்லை.

மலைமேல் இருந்த அந்த கோல்ஃப் கிளப்பில் மாலை ஐந்தரைக்கே பனி இறங்கிவிட்டது. மேஜைமேல் கவர் கிடந்தது. ஒட்டியாயிற்று. ஆறு மணிக்கு நடுவர் வந்து வாங்கிக்கொண்டு போவார்.

*

மூன்று நாள் போட்டி. ஒரு பக்கம் தென்மண்டல அணி, மறுபக்கம் கிழக்கு மண்டல அணி. பக்கத்துக்குப் பன்னிரண்டு பேர். எல்லோரும் கோல்ஃப் ஆடிப் பிழைப்பவர்கள்.

முதல் இரண்டு நாள் ஜோடி ஜோடியாக ஆடினார்கள். ஆறுக்கு ஆறு என்று சமமாக நின்றது. நாளைக்கு ஒற்றைக்கு ஒற்றை, பன்னிரண்டு ஆட்டம்.

கவர் சமாசாரம் இதுதான்.

கடைசி நாளுக்கு முந்தின மாலை ஒவ்வொரு அணியின் கேப்டனும் தன் அணியிலிருந்தே ஒரு பெயரை எழுதி, கவரில் போட்டு ஒட்டி, நடுவரிடம் கொடுக்க வேண்டும். மறுநாள் எதிரணியில் யாருக்காவது அடிபட்டு ஆட முடியாமல் போனால் இந்தக் கவரைப் பிரிப்பார்கள். உள்ளே யார் பெயர் இருக்கிறதோ, அவரும் ஆடக் கூடாது. அணிக்கு அரைப் புள்ளி.

யாருக்கும் அடிபடாவிட்டால் கவரைப் பிரிக்காமலே கிழித்துப் போட்டுவிடுவார்கள். யார் பெயர் இருந்தது என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை அப்படித்தான்.

கோல்ஃப்காரர்களின் வழக்கங்களில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமானதும் இல்லை, இதைவிட ஈரமில்லாததும் இல்லை. பன்னிரண்டு பேரில் எவன் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று கேப்டன் கைப்பட எழுதித் தர வேண்டும்.

அந்த நூறாவது தடவை, எட்டு வருஷத்துக்கு முன்னால், தணிகாசலத்துக்கு நடந்தது.

அப்போது கேப்டன் வேறு ஆள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மட்டையைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நின்றவனின் பெயரைக் கவரிலிருந்து எடுத்து எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள். அன்று முழுக்க அவன் வேடிக்கை பார்ப்பவர்களோடு கயிற்றுக்கு வெளியே நின்று கை தட்டினான்.

அதற்குப் பிறகு அவன் பெயர் கவர் தணிகா.

மகளின் சடங்கு வீட்டில் ஒருவன் மொய்க் கவரை நீட்டிக்கொண்டே, “பேரு எழுதிக்கீது தணிகா, பிரிச்சுப் பாத்துக்கோ,” என்றான். பந்தலே சிரித்தது. தணிகாசலமும் சிரித்தான். சிரிக்காமல் என்ன செய்வது?

இப்போது அவனுக்கு நாற்பத்து நான்கு வயது. வலது தோள் பாதி போய்விட்டது. அணியில் மறுபடி இடம் கிடைத்ததே பெரிய காரியம். கடைசி நாள் ஆட்டத்தை ஒரே ஒரு தடவை ஆடிவிட வேண்டும். இந்தத் தடவை இல்லாவிட்டால் இனி இல்லை.

*

சியாமளா டீச்சர் அவனைவிட ஏழு வயது இளையவர். கோயம்புத்தூர்க்காரர். பெண்கள் போட்டிகளில் கொடிகட்டிப் பறந்துவிட்டு, இப்போது சென்னையில் ஆட்டம் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆண்கள் அணிக்கு ஒரு பெண்ணைக் கேப்டனாகப் போட்டபோது பலருக்குக் குத்தியது. தணிகாசலத்துக்குக் குத்தவில்லை. அவர் அவனுடைய குரு.

நாற்பதாவது வயதில் தோள் பிடித்துக்கொண்டபோது அவன் அவரிடம் போய் நின்றான்.

அவர் ஆறு மாதம் பந்தைக் கண்ணில் காட்டவில்லை. மட்டையைத் தூக்கச் சொன்னார். இறக்கச் சொன்னார். மறுபடி தூக்கச் சொன்னார்.

“பந்து எப்ப டீச்சர்?”

“அதைக் கேக்கறதை நீங்க நிறுத்தினதுக்கு அப்புறமுங்க.”

ஏழாம் மாதம் ஒரு காலையில் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பந்தை வைத்தார். அவன் அடித்தான். அது நூல் பிடித்த மாதிரி போனது.

அன்றிலிருந்து ஊரே மேடம் என்று கூப்பிடும் பெண்ணை அவன் மட்டும் டீச்சர் என்றான். வயதில் மூத்தவன் என்று அவர் அவனை அண்ணா என்றார்.

*

“பிரிச்சுக் காட்டுங்க டீச்சர்,” என்றான் தணிகாசலம்.

“ஒட்டினதை நடுவர்தான் பிரிக்கணுமுங்க.”

“சரி, யாரு பேருன்னாச்சும் சொல்லுங்க.”

“சொல்லக் கூடாதுங்க.”

“எங்கிட்டக் கூடவா?”

“முக்கியமா உங்ககிட்ட.”

முக்கியமாக அவனிடம் ஏன் சொல்லக் கூடாது? அவன் பெயராக இருந்தால்தானே?

“எட்டு வருசம் டீச்சர். எட்டு வருசமா கவரு கவருன்னு கூப்புடறானுங்க.”

“தெரியுமுங்க.”

“இன்னா தெரியும்? கார்ல வந்து கார்ல போறவங்களுக்கு இன்னா தெரியும்? பதிமூணு வயசுலேர்ந்து அடுத்தவன் மட்டைப் பைய தோள்ல தூக்கி, அந்த வெயில்ல நடந்து, பொறுக்கின பந்துல ஆடக் கத்துக்கினவன் நான். நீ எங்க தூக்கின பையி? உனக்கு இன்னா தெரியும்?”

நீங்க போய் நீ வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. திருப்பி எடுக்க முடியவில்லை.

டீச்சரின் முகம் சிவந்தது.

அவர் மேஜைமேல் இருந்த கவரை எடுத்தார். போட்டிருந்த குளிர் ஜாக்கெட்டின் உள்பையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார். பிறகு ஒரு புதுக் கவரையும், ஒரு வெள்ளைத் தாளையும், ஆட்ட எண்ணிக்கை எழுதும் கட்டைப் பென்சில் ஒன்றையும் அவன் முன்னால் தள்ளினார்.

“எழுதுங்க.”

“இன்னாத்த?”

“ஒரு பேரு. நீங்களே எழுதினா உங்க பேரு அதுல இல்லைன்னு நம்புவீங்கள்ல?”

“கேப்டன்தான எழுதணும்?”

“கேப்டன் கொடுக்கணுமுங்க. விதி அவ்வளவுதான்.”

அவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். வெளியே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னும் பன்னெண்டு நிமிஷம் இருக்குதுங்க,” என்றார்.

*

முடியாது என்று பென்சிலைத் திருப்பித் தள்ளியிருக்கலாம். தணிகாசலம் தள்ளவில்லை. பதினோரு பெயர்களையும் மனதுக்குள் வரிசையாக நிறுத்தினான்.

ஒருவன் தொப்பியில் பெரிய கம்பெனியின் பெயர் இருந்தது. அவன் பெயர் வாசிக்கப்பட்டால் நாளைக்குக் கூச்சல் கிளம்பும். இன்னொருவன் வாய்க்காரன், கேப்டனைச் சும்மா விட மாட்டான். ஒருவனுக்குக் காய்ச்சல். ஆனால் காய்ச்சலோடு அவன்தான் எல்லோரையும்விட நன்றாக ஆடிக்கொண்டிருந்தான். எந்தப் பெயரை எடுத்தாலும் ஏன் என்று ஒரு கேள்வி கூடவே வந்தது.

ஏன் என்று கேட்காத ஒரே ஒரு ஆள் இருந்தான்.

எபினேசர்.

இருவரும் ஒரே வருஷம் பை தூக்க வந்தவர்கள். ஒரே டிபன் பாக்ஸில் தின்றவர்கள். இருபது வருஷமாக ஜோடி ஆட்டம் என்றால் தணிகா–எபி என்றுதான் பெயர்ப் பலகையில் எழுதுவார்கள். இந்த இரண்டு நாளில் மட்டும் நான்கு ஆட்டத்தில் மூன்றை ஜெயித்துக் கொடுத்திருந்தார்கள்.

கோல்ஃபில் ஒருவன் அடித்த அடிகளை அவனே எழுதிக்கொள்ள முடியாது. கூட ஆடுகிறவன்தான் எழுத வேண்டும். அதனால் எத்தனையோ வருஷமாகத் தணிகாசலத்தின் அட்டையில் எபினேசரின் எழுத்து, எபினேசரின் அட்டையில் தணிகாசலத்தின் எழுத்து.

எபினேசர் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடத்தில் எழுதப் படித்தவன். ஒன்றையொன்று தொடாமல் உருண்டை உருண்டையாக எழுதுவான். தணிகாசலம் பென்சிலைக் கடப்பாரை மாதிரி பிடித்து அழுத்துவான். அட்டையின் மறுபக்கம் தடவினால் எழுத்து கையில் தட்டும்.

“மெல்ல எழுதுடா, பேப்பரு கிழியப் போவுது,” என்பான் எபினேசர். ஆயிரம் தடவை சொல்லியிருப்பான்.

அவன் கடைசி நாள் ஆட்டத்தை இரண்டு தடவை ஆடியாயிற்று. அவனுக்கு இது ஒன்றும் புதிதில்லை. அதுவும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது தடவை கவரைப் பிரிக்கவே மாட்டார்கள். அப்படியே பிரித்தாலும் எபி கோவித்துக்கொள்ள மாட்டான்.

யார் கோவித்துக்கொள்ள மாட்டார்களோ அவர்கள் தலையில்தானே நாம் எல்லோரும் கை வைக்கிறோம். தணிகாசலம் மட்டும் என்ன விதிவிலக்கா? அவன் எழுதினான். கடைசிப் புள்ளியில் பென்சில் முனை ஒடிந்தது.

எச்சில் தொட்டுக் கவரை ஒட்டினான்.

“யாரு பேருன்னு பாக்கலியா டீச்சர்?”

“வேண்டாமுங்க,” என்றார் டீச்சர். பனியிலிருந்து கண்ணை எடுக்காமலே கையை மட்டும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்தால் எபினேசர் இரண்டு டீயோடு நின்றுகொண்டிருந்தான். ஒன்றை இவனிடம் நீட்டினான்.

“இன்னாடா, மூஞ்சி தொங்கிக் கெடக்குது?”

“ஒண்ணும் இல்ல.”

“கவரா? உம்பேரு வராதுடா. நான் சொல்றேன்.”

“உனுக்கு எப்புடித் தெரியும்?”

“மேல ஒரு சர்ச் கீது. போய் வேண்டிக்கினு வந்தேன். டீயக் குடி, ஆறிடப் போவுது.”

தணிகாசலம் டீயைக் குடித்தான். நடுவர் குடையை மடக்கியபடி அவர்களைத் தாண்டி உள்ளே போனார்.

*

காலை ஏழு மணிக்குச் செய்தி வந்தது. கிழக்கு அணிக்காரர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. மட்டையைப் பிடிக்க முடியாது.

இரண்டு அணியும் முதல் குழிக்குப் போகும் மேட்டில் கூடினார்கள். நடுவர் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தென்மண்டலத்தின் கவரைப் பிரித்தார்.

“எபினேசர்,” என்று வாசித்தார்.

எபினேசர் சிரித்துக்கொண்டே முன்னால் வந்தான். யாரோ மிட்டாய் கொடுக்கக் கூப்பிட்ட மாதிரி வந்தான். அந்தச் சிரிப்பு தணிகாசலத்துக்கு விளங்கவில்லை.

பெயருக்கு உரியவர் அதே தாளில் கையெழுத்துப் போட வேண்டும். நடுவர் தாளை நீட்டினார்.

எபினேசர் வாங்கிப் பார்த்தான். சிரிப்பு நின்றது. ஒரு சொல்லை வாசிக்க ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் பார்த்தான். தாளின் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினான்.

தலையை உயர்த்தி டீச்சரைப் பார்த்தான். டீச்சர் புல்லைப் பார்த்தார்.

எபினேசர் கையெழுத்துப் போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தான்.

பிறகு நேராகத் தணிகாசலத்திடம் வந்தான். அன்றைக்குத் தணிகாசலத்தின் பையைத் தூக்கக் கிளப் ஒரு ஆளைக் கொடுத்திருந்தது.

“குடுங்கண்ணே, இன்னிக்கு நான் தூக்கறேன்,” என்று அந்த ஆளிடமிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

தணிகாசலம் ஏதாவது சொல்லியாக வேண்டும். சொன்னான்.

“டீச்சரு இப்புடிப் பண்ணுவாங்கன்னு நான் நெனைக்கலடா.”

எபினேசர் பையின் வாரை இழுத்துச் சரி செய்தான்.

“நடடா, நேரமாவுது,” என்றான்.

*

தணிகாசலத்துக்கு எதிரே ஹால்தார் என்று ஒரு கல்கத்தா இளைஞன். ஆட்டம் பன்னிரண்டிலும் கடைசி ஆட்டம் அவர்களுடையது.

எபினேசர் தூரத்தைச் சொன்னான். காற்றைச் சொன்னான். எந்த மட்டை என்று சொன்னான். குழியைச் சுற்றியுள்ள கிரீனில் குனிந்து, பந்து எந்தப் பக்கம் சாயும் என்று சொன்னான். ஒன்றுகூடத் தப்பவில்லை. தணிகாசலம் தன் வாழ்நாளில் அப்படி ஆடியதில்லை. மொத்தம் பதினெட்டுக் குழி; குறைந்த அடியில் பந்தைப் போடுகிறவனுக்கு அந்தக் குழி. பதினைந்து குழி முடிந்தபோது இரண்டு குழி முன்னால் இருந்தான்.

பதினைந்தாவது குழியோரம் நின்று ஹால்தாரின் எண்ணிக்கையை அட்டையில் எழுதினான்.

“மெல்ல எழுதுடா,” என்றான் எபினேசர். “பேப்பரு கிழியப் போவுது.”

ஆயிரம் தடவை கேட்டதுதான். இந்தத் தடவை தணிகாசலத்துக்குக் கை நின்றுவிட்டது.

நிமிர்ந்து பார்த்தான். எபினேசர் மட்டையின் மண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. தெரிந்துதான் சொல்கிறானா, வாய்ப்பழக்கத்தில் சொல்கிறானா?

காலையில் தாளை அவ்வளவு நேரம் ஏன் பார்த்தான்?

பதினாறாவது குழியில் எபினேசர், “ஏழாம் நம்பரு,” என்றான்.

ஏழு, எட்டைவிடத் தூரம் அடிக்கும் மட்டை. எதுக்கு ஏழு? எட்டே போதுமே. என்னைத் தோற்க வைக்கப் பார்க்கிறானா?

தணிகாசலம் எட்டாம் நம்பர் மட்டையை உருவி அடித்தான். பந்து எட்டாமல் ஓடையில் விழுந்தது.

எபினேசர் மட்டையை வாங்கித் துடைத்துப் பையில் வைத்தான்.

பதினேழிலும் அப்படித்தான். வலப்பக்கம் அடி என்றான், இவன் இடப்பக்கம் அடித்தான். முன்னிலை போய்விட்டது. ஆட்டம் சமம்.

திருடனுக்கு ஊரெல்லாம் திருடர்கள்தானே.

கடைசிக் குழிக்கு வந்தபோது மற்ற ஆட்டங்கள் எல்லாம் முடிந்திருந்தன. பதினொன்றரைக்குப் பதினொன்றரை. கிரீனைச் சுற்றி இரண்டு அணியும் உட்கார்ந்திருந்தது. டீச்சர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். தணிகாசலம் ஜெயித்தால் கோப்பை தெற்குக்கு. சமமானால் போன தடவை ஜெயித்த கிழக்கிடமே கோப்பை இருக்கும்.

ஹால்தார் ஐந்தாவது அடியில் முடித்தான். தணிகாசலம் மூன்று அடித்திருந்தான். பந்துக்கும் குழிக்கும் நடுவே மூன்றடி தூரம். சும்மா ஆடும் ஆட்டமாக இருந்தால், போட்டாச்சு, எடுத்துக்கோ என்று எதிராளியே விட்டுக் கொடுத்துவிடுவான். ஹால்தார் கற்பூர மரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எபினேசர் பையை இறக்கிவிட்டுக் குழிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து பார்த்தான். எழுந்து வந்தான்.

“நேரா. நடுக் குழி. வேற ஒண்ணும் யோசிக்காத.”

தணிகாசலமும் குனிந்து பார்த்தான். அவன் கண்ணுக்கும் நேராகத்தான் தெரிந்தது. ஆனால் எபி நேராக என்று சொல்லிவிட்டானே. அதுதான் உறுத்தியது. அவன் இடத்தில் நானாக இருந்தால் இப்போது நேரைச் சொல்வேனா?

இரண்டு விரல்கடை இடது பக்கம் குறிவைத்துத் தட்டினான்.

பந்து அவன் குறிவைத்த இடத்துக்கே போனது. குழியின் இடது உதட்டைத் தொட்டது. நின்றது.

ஆட்டம் சமம். பிறகு கிழக்கு அணிக்காரர்கள் எழுந்து ஓடி வந்தார்கள்.

“நேரான்னுதான சொன்னேன்,” என்றான் எபினேசர். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தணிகாசலம் பிழைத்திருப்பான்.

கொடிக் கம்பைக் குழியில் நட்டான். பையை எடுத்துத் தணிகாசலத்தின் தோளில் மாட்டினான். வலிக்கிற தோளில் இல்லை, நல்ல தோளில்.

“மூணு மணி பஸ்ஸுக்கு நான் கெளம்பறேன்,” என்றான்.

*

சென்னைக்கு வந்த பிறகு தணிகாசலம் போன் செய்தான். எபினேசர் எடுத்தான். நல்லாக்கீறேன் என்றான். பெண்ணுக்குப் பரீட்சை எப்போது என்று விசாரித்தான். தோளுக்கு ஒத்தடம் கொடுக்கச் சொன்னான். வைத்துவிட்டான்.

நான்கு தடவையும் அப்படியே. எபி கோவித்துக்கொள்ளத்தான் இல்லை.

இரண்டாவது மாதம் அடுத்த ஜோடிப் போட்டிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். எபினேசரின் பெயருக்குப் பக்கத்தில் வேறு ஒருவனின் பெயர் இருந்தது.

தணிகாசலம் டீச்சரிடம் போனான். காலை வேளை. பயிற்சித் திடலின் ஓரத்தில் இருந்த அவருடைய அறையில் அவர் பழைய பந்துகளைக் கூடையில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

“எபி என்னோட ஆட மாட்டேன்றான், டீச்சர்.”

டீச்சர் பந்துகளைப் பொறுக்கினார்.

“அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“ஆமாங்க.”

“நீங்க சொன்னீங்களா?”

டீச்சர் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பழைய ஆட்ட அட்டையை எடுத்தார். தணிகாசலம் எழுதிய அட்டை. அதை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அவன் வைத்த ஒவ்வொரு புள்ளியிலும் ஊசி முனை அளவுக்கு வெளிச்சம் வந்தது.

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்ப அங்கியே அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சுதான் பைய தூக்கினான்.”

“ஆமாங்க.”

“நான் உங்க மேல பழியப் போட்டேன். அதையும் கேட்டுக்கினு வந்தான்.”

டீச்சர் அட்டையை மேஜைமேல் வைத்தார்.

“நீங்கதான் எழுத வெச்சீங்க,” என்றான் தணிகாசலம். “பென்சில நீட்டினது நீங்க. நான் எதோ கோவத்துல வந்து நின்னேன். வெளியே போடான்னு தொரத்தியிருக்கலாம்ல? இன்னா பாடம் டீச்சர் இது?”

“பாடமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. கோவம். நீ-ன்னு சொன்னீங்க, சுருக்குன்னு இருந்துச்சு. அந்தக் கோவத்துல பென்சிலைத் தள்ளிட்டேன். அது என் தப்புதானுங்க. எபிகிட்டப் போய் சொல்லிட்டு வந்துட்டேன்.”

“அவன் இன்னா சொன்னான்?”

“டீ வாங்கிக் கொடுத்தாருங்க.”

தணிகாசலம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

“ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க டீச்சர். அந்த மொதல் கவருல எம்பேருதான இருந்துச்சு? ஆமான்னு சொல்லுங்க. அப்பத்தான் நான் பண்ணதுக்கு ஒரு ஞாயமாச்சும் இருக்கும். அதுவும் இல்லாட்டி நான் எப்புடித் தூங்கறது?”

கதவுக்குப் பின்னால் ஆணியில் அந்தக் குளிர் ஜாக்கெட் தொங்கியது. மலையிலிருந்து வந்ததிலிருந்து அங்கேயே தொங்குகிறது. சென்னையில் அதற்கு என்ன வேலை? டீச்சர் உள்பையின் ஜிப்பை இழுத்தார். கவரை எடுத்தார். ஒட்டியது ஒட்டியபடியே இருந்தது.

“கிழிச்சுப் போட்டிருக்கணுமுங்க. மனசு வரலை.”

அவன் கையில் கொடுத்தார்.

“பிரிக்கலாமா டீச்சர்?”

“இப்பப் பிரிக்கலாமுங்க.”

பிரித்தான். கவர் கோணலாகக் கிழிந்தது. உள்ளே ஒரு தாள். தாளில் ஒரு பெயர்.

எபினேசர்.

அது டீச்சரின் எழுத்து இல்லை. ஒன்றையொன்று தொடாமல், உருண்டை உருண்டையாக, இருபது வருஷமாகத் தன் அட்டையில் அவன் பார்த்துவந்த எழுத்து.

“அன்னைக்கு நாலரை மணிக்கே வந்துட்டாருங்க,” என்றார் டீச்சர். “அவரே எழுதி, அவரே ஒட்டிக் கொடுத்தாரு. இன்னொரு தடவை தணிகா கயித்துக்கு வெளிய நின்னா செத்தே போயிடுவான்னாரு. உங்ககிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு கையைப் பிடிச்சுக் கேட்டுக்கிட்டாரு.”

தணிகாசலம் தாளைத் திருப்பி, பின்பக்கத்தைத் தடவினான். வழுவழுவென்று இருந்தது. ஒரு எழுத்துகூடக் கையில் தட்டவில்லை.

“அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, டீச்சர்.”

“சொன்னேனுங்களே, அண்ணா. இல்லீங்கன்னு.”